படமும் அது செல்லும் பாதையும்

ஒரு சரக்கு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அச்சரக்கு சந்தைக்குச் செல்லும் பாதை யார் வசம் உள்ளது என்பது மற்றொரு கேள்வி. நெல்லை விளைவித்தவன் ஒருவனாகவும், ஆற்றைக் கடக்க ஓடம் வைத்திருப்பவன் வேறொருவனாகவும் இருப்பின், இருவருக்குமிடையே கூலிப்பேச்சு எழுவது இயல்பே. விளைச்சல் பெருகப் பெருக அப்பேச்சு பூசலாகவும், பூசல் வழக்காகவும் வளர்ந்துவிடும். திரைப்படம், தொலைக்காட்சி, இசை ஆகியவற்றை விளைவிக்கும் பெருநிறுவனங்களுக்கும், அவற்றை இணையத்தின் வழியே உலகெங்கும் கொண்டு சேர்க்கும் நிறுவனங்களுக்கும் இடையே சென்ற இருபது ஆண்டுகளாக நடந்துவரும் போட்டியும் இத்தகையதே. அப்போட்டி எவ்வாறு எழுந்தது, எவ்வாறு ஒருவகையில் முடிந்தது, அம்முடிவு நம்மைப் போன்ற எளிய மக்களை எங்கே தொடுகிறது என்பவற்றை இவ்வுரையில் ஆராய்வோம்.

தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழும் நமக்கு இது அயல்வீட்டு வழக்கு அன்று. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வசிக்கும் தமிழ்க் குடும்பம் முன்னாளில் தமிழ் கேட்க வேண்டுமாயின், வானொலியில் தமிழ் நிகழ்ச்சிக்குரிய நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து இரயிலேறி வரும் வார இதழ் சில நாட்கள் பிந்தியே கைக்கு எட்டும். இன்றோ மார்கழிக் கச்சேரியும், பட்டிமன்றமும், சொந்த ஊர்த் தேரோட்டமும் கைபேசியில் நொடிப்பொழுதில் கிடைக்கின்றன. பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பற்ற நம் குழந்தைகளுக்குத் தாய்மொழியைச் செவிவழியே ஊட்டுவதற்கு இக்காணொளிகள் பல இல்லங்களில் பெருந்துணையாக உள்ளன. ஆதலின் அப்பாதையின் வாயிலில் நின்று காவல் செய்வோர் யார், எவ்விதியைக் கொண்டு ஒரு காணொளியை உள்ளே விடுகின்றனர், எவ்விதியைக் கொண்டு வெளியே தள்ளுகின்றனர் என்பதை நாமும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

இப்போட்டியின் வேர் இணையத்திற்கும் முற்பட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டிலேயே நாடாவில் பதிவு செய்துகொள்ளும் 'பீட்டாமாக்ஸ்' என்னும் கருவியை ஜப்பானின் சோனி நிறுவனம் 1975ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டிலேயே யூனிவர்சல், டிஸ்னி ஆகிய இரு அமெரிக்கப் பட நிறுவனங்கள், இக்கருவி திருட்டுக்குத் துணைபோகிறது என்று வழக்குத் தொடுத்தன. அவ்வழக்கு படிப்படியாக ஏறிச் சென்று, 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் சோனியின் பக்கம் நின்றனர். ஒரு நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது நியாயமான உபயோகமே என்றும், நேர்மையான உபயோகம் கணிசமாக உள்ள கருவியை விற்றவர்மீது, சிலர் அதைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பதற்காகப் பழி சுமத்தலாகாது என்றும் அவர்கள் தீர்ப்பளித்தனர். தம் தொழிலையே அழித்துவிடும் என்று பட நிறுவனங்கள் எந்த நாடாவைக் கண்டு அஞ்சினவோ, அதே நாடாவில் படங்களைப் பதிந்து விற்றுப் பிற்காலத்தில் அவை பெரும்பொருள் ஈட்டின என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இணையம் வந்தபின் நிலைமை மாறியது. நாடாவில் எடுத்த பிரதி அண்டை வீட்டைத் தாண்டிச் செல்வது அரிது. இணையத்தில் ஏற்றிய பிரதியோ, தேய்வின்றி, செலவின்றி, கணப்பொழுதில் கோடிக்கணக்கானோரை எட்டும். 1999ஆம் ஆண்டில் 'நாப்ஸ்டர்' என்னும் இசைப் பரிமாற்றச் சாதனம் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பரில் இசை நிறுவனங்கள் அதன்மீது வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் அதன் பரிமாற்றம் நின்றது. அடுத்த ஆண்டில் அது திவாலாயிற்று. 2005 ஜூனில் 'கிராக்ஸ்டர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிப்புரிமையை மீறுமாறு பிறரைத் தூண்டும் நோக்குடன் ஒரு சாதனத்தைப் பரப்புவோர் அம்மீறலுக்குப் பொறுப்பாவர் என்று ஒருமனதாகக் கூறியது.

இவற்றுக்கிடையே 1998 அக்டோபரில் அமெரிக்கா ஒரு புதிய சட்டத்தை இயற்றியிருந்தது. டி.எம்.சி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் அச்சட்டத்தின் ஒரு பிரிவே பின்னர் நாம் கூறப்போகும் பெருவழக்கின் அச்சாணி ஆயிற்று. பிறர் ஏற்றும் பொருளைத் தன் இடத்தில் வைத்திருக்கும் ஓர் இணைய நிறுவனம், அப்பொருளில் உரிமை மீறல் உள்ளது என்பதை அறியாதிருந்து, உரிமையாளர் புகார் செய்தவுடன் விரைந்து அகற்றிவிடுமாயின், நஷ்டஈட்டுப் பொறுப்பினின்று தப்பலாம் என்பது அப்பிரிவின் சாரம். மீண்டும் மீண்டும் தவறு செய்வோரை வெளியேற்றவும் அந்நிறுவனம் ஏற்பாடு செய்திருத்தல் வேண்டும். சத்திரத்தில் தங்க வருவோரின் மூட்டையை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கும் கடமை சத்திரக்காரனுக்கு இல்லை. ஆனால் இன்ன மூட்டையில் களவுப்பொருள் உள்ளது என்று உடையவன் வந்து சுட்டிக்காட்டியபின் அதை உள்ளே வைத்திருத்தல் கூடாது. சட்டம் வகுத்த ஏற்பாட்டை இவ்வாறு விளக்கலாம்.

இத்தகைய சூழ்நிலையில்தான் யூடியூப் பிறந்தது. சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் என்ற மூன்று இளைஞர்கள், முன்பு 'பேபால்' என்னும் பணப்பட்டுவாடா நிறுவனத்தில் உடன் பணியாற்றியவர்கள், 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இதனைத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் தேதி ஏற்றப்பட்ட முதற்காணொளியில், ஜாவேத் கரீம் சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று சில விநாடிகள் பேசுகிறார், அவ்வளவே. ஆனால் அதன் அமைப்பில் இரு வசதிகள் இருந்தன. எவரும் கட்டணமின்றித் தம் படத்தை ஏற்றலாம். ஏற்றிய படத்தைப் பிற இணையப் பக்கங்களிலும் எளிதாகப் பதித்துக் காட்டலாம். 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 10 கோடி முறை காணொளிகள் பார்க்கப்படுகின்றன என்று அந்நிறுவனம் அறிவிக்குமளவுக்கு அது வளர்ந்தது.

இவ்வளர்ச்சியில் குழந்தையின் மழலையும் நாய்க்குட்டியின் குறும்பும் மட்டும் பங்கு பெறவில்லை. தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் துணுக்குகளையும் பாடல்களையும் ரசிகர்கள் வெட்டியெடுத்து ஏற்றினர். 2005 டிசம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியின் வார நிகழ்ச்சியொன்றில் வந்த 'லேஸி சண்டே' என்னும் நகைச்சுவைப் பாட்டு யூடியூப் வழியே பெரும்புகழ் பெற்றது. 2006 பிப்ரவரியில் அதை அகற்றுமாறு என்.பி.சி. கோரியது, யூடியூப் அகற்றியது. ஆயின் அதே ஆண்டு ஜூனில் அதே என்.பி.சி., தன் நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்த அதே யூடியூபுடன் உடன்பாடு செய்துகொண்டது. உரிமையாளரின் மனத்திலிருந்த இருதலை நிலையை இது நன்கு காட்டுகிறது. அனுமதியின்றிப் பரவும் துணுக்கு ஒருபுறம் களவாகத் தோன்றுகிறது. மறுபுறம் காசு செலவின்றிக் கிட்டும் விளம்பரமாகவும் தோன்றுகிறது.

எனவே பாதையை எதிர்ப்பதைக் காட்டிலும் பாதையையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று பல நிறுவனங்கள் எண்ணின. ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 2005ஆம் ஆண்டில் 'மைஸ்பேஸ்' என்னும் நட்பிணைப்புத் தளத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தை 58 கோடி டாலருக்கு வாங்கியது. சோனி பட நிறுவனம் 2006 ஆகஸ்டில் 'குரூப்பர்' என்னும் காணொளித் தளத்தை 6.5 கோடி டாலருக்கு வாங்கியது. தேடுபொறி நிறுவனமான கூகிள் 2005 ஜனவரி முதலே தனக்கென ஒரு காணொளிச் சேவையை நடத்திவந்தும், யூடியூபை எட்டிப் பிடிக்க இயலவில்லை. இறுதியில் 2006 அக்டோபர் 9ஆம் தேதி, தோன்றி இரண்டாண்டுகூட நிரம்பாத யூடியூபை, 165 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து வாங்குவதாகக் கூகிள் அறிவித்தது. அன்று யூடியூபில் பணிபுரிந்தோர் ஏறக்குறைய எழுபதுபேர் கூட இல்லை.

இவ்விற்பனை பலருடைய கணக்கை மாற்றிவிட்டது. முன்பு யூடியூபின் மீது வழக்குத் தொடுத்து வென்றாலும் கிடைக்கக்கூடிய தொகை சொற்பமே. இப்போதோ அதன் பின்னால் கூகிளின் கருவூலம் நின்றது. யூனிவர்சல் இசை நிறுவனமும், சி.பி.எஸ். தொலைக்காட்சியும் விற்பனை அறிவிக்கப்பட்ட அதே நாளில் யூடியூபுடன் உடன்பாடு கண்டன. எம்.டி.வி., நிக்கலோடியன், காமெடி சென்ட்ரல் ஆகிய அலைவரிசைகளுக்கும் பாரமவுண்ட் பட நிறுவனத்திற்கும் உரிமை பூண்ட வையகாம் நிறுவனம் மட்டும் வேறு வழி சென்றது. பேச்சுவார்த்தை முறிந்தபின், 2007 பிப்ரவரியில் 1,00,000க்கும் மேற்பட்ட துணுக்குகளை அகற்றுமாறு அது கோரியது. மார்ச் 13ஆம் தேதி 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட நஷ்டஈடு கேட்டு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தனக்குரிய ஏறக்குறைய 1,60,000 துணுக்குகள் அனுமதியின்றி ஏற்றப்பட்டு 150 கோடி முறைக்குமேல் பார்க்கப்பட்டன என்பது அதன் குற்றச்சாட்டு. சி.பி.எஸ்., வையகாம் ஆகிய இரண்டின் கட்டுப்பாடும் சம்னர் ரெட்ஸ்டன் என்ற ஒரே முதலாளியின் கையில் இருந்தது. ஒரே வீட்டின் ஒரு கை உடன்பாட்டில் ஒப்பமிட, மறு கை வழக்கு மனுவில் ஒப்பமிட்டது.

இரு தரப்பு வாதத்திலும் பொருள் இருந்தது. எங்கள் சரக்கைக் காட்டிக் கூட்டம் சேர்த்து, அக்கூட்டத்தைக் காட்டி விளம்பரப் பணம் ஈட்டிவிட்டு, நாள்தோறும் நாங்களே தேடித் தேடிப் புகார் எழுத வேண்டும் என்பது என்ன நியாயம் என்று வையகாம் கேட்டது. ஒவ்வொரு நிமிடமும் வந்து குவியும் காணொளிகளில் எது யாருடையது, எது அனுமதி பெற்றது, எது பெறாதது என்று நாங்கள் எவ்வாறு அறிவோம் என்று யூடியூப் வினவியது. 2010ஆம் ஆண்டில் வெளியான நீதிமன்ற ஆவணங்கள் இரு தரப்பையும் சங்கடப்படுத்தின. யூடியூபைத் தோற்றுவித்தவர்கள் ஆரம்பநாட்களில் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை வையகாம் எடுத்துக்காட்டி, உரிமையற்ற படங்கள் நிறைந்திருந்ததை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்று வாதாடியது. வையகாமே 18 விளம்பர முகவர்களை அமர்த்தித் தன் துணுக்குகளை இரகசியமாக ஏற்றிவந்தது என்றும், தானே ஏற்றியதைத் தானே அகற்றச் சொல்லிப் பின்னர் மீண்டும் வைக்குமாறு வேண்டிக்கொண்டது என்றும் யூடியூப் பதிலடி கொடுத்தது. உடையவருக்கே எது அனுமதி பெற்றது என்பது தெரியாதபோது சத்திரக்காரருக்கு எவ்வாறு தெரியும் என்ற கேள்வி வலுப்பெற்றது.

இவ்வழக்கில் பார்வையாளரும் சிக்க நேர்ந்தது. 2008 ஜூலையில் நீதிபதி, யார் எக்காணொளியைப் பார்த்தனர் என்பதற்கான பதிவேடுகள் அனைத்தையும் வையகாமிடம் ஒப்படைக்குமாறு யூடியூபுக்கு ஆணையிட்டார். தம் வீட்டில் தனியே அமர்ந்து பார்த்தவை ஒரு வழக்கின் சான்றாகப் போகின்றன என்று மக்கள் கலங்கினர். கண்டனம் எழுந்தபின், ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்து ஒப்படைப்பது என்று இரு தரப்பும் இசைந்தன. 2010 ஜூனில் நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன் யூடியூபுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பொதுவாக மீறல் நடக்கிறது என்ற அறிவு போதாது. இன்ன காணொளியில் மீறல் உள்ளது என்ற குறிப்பான அறிவு இருந்தால்தான் பொறுப்பு எழும் என்றார். 2012 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில கேள்விகளை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. 2013 ஏப்ரலில் அதே நீதிபதி மீண்டும் யூடியூபுக்கே சார்பாகக் கூறினார். 2014 மார்ச்சில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. ஏழாண்டு வழக்கு இவ்வாறு ஓசையின்றி ஓய்ந்தது.

வழக்கு நடக்கும்போதே பட நிறுவனங்கள் சொந்தப் பாதையும் வெட்டின. என்.பி.சி. யூனிவர்சலும் நியூஸ் கார்ப்பரேஷனும் 2007 மார்ச்சில் கூட்டுச் சேர்ந்து அறிவித்த சேவை, 'ஹூலு' என்ற பெயருடன் 2008 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் டிஸ்னியும் அதில் பங்கு சேர்ந்தது. முழு நிகழ்ச்சிகளையும் விளம்பரத்துடன் இலவசமாகக் காட்டிய அச்சேவை, எவரும் தம் படத்தை ஏற்றும் இடமாக அமையவில்லை. அது உடையவரே நடத்தும் கடை. யூடியூபோ எவரும் வந்து கடை விரிக்கும் சந்தை. 2009 டிசம்பரில் யூனிவர்சல், சோனி ஆகிய இசை நிறுவனங்கள் 'வீவோ' என்னும் சேவையைத் தொடங்கியபோது, அதைச் சந்தைக்கு வெளியே நிறுவாமல் யூடியூபின் துணையுடனேயே நடத்தின. பாதையை விலைக்கு வாங்க முயன்றவர்களோ நஷ்டமடைந்தனர். 58 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மைஸ்பேஸை நியூஸ் கார்ப்பரேஷன் 2011ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3.5 கோடி டாலருக்கு விற்க நேர்ந்தது. கூட்டம் சேரும் இடத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். கூட்டத்தை அங்கேயே நிறுத்திவைப்பது எளிதன்று.

ஆயினும் இப்போட்டியின் உண்மையான தீர்வு நீதிமன்றத்தில் பிறக்கவில்லை; அது ஒரு யந்திரத்தில் பிறந்தது. 2007 அக்டோபரில் யூடியூப் ஓர் அடையாளச் சோதனை முறையை அறிமுகம் செய்தது. 'கன்டென்ட் ஐ.டி.' என்பது அதன் இன்றைய பெயர். பதிப்புரிமை உடைய நிறுவனம் தன் பாடல் அல்லது படத்தின் மூலப்பிரதியை ஒப்படைக்கிறது. யந்திரம் அதன் ஒலி, ஒளி அமைப்பிலிருந்து கைரேகையைப் போன்றதோர் அடையாளத்தை வரைந்து வைத்துக்கொள்கிறது. பின்னர் எவர் எக்காணொளியை ஏற்றினும், அதை அவ்வடையாளங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருத்தம் கண்டால், உரிமையாளர் முன்கூட்டியே கூறிவைத்தபடி மூன்றில் ஒன்று நடைபெறும். காணொளி தடுக்கப்படும், அல்லது தடையின்றி ஓட, அதைப் பார்ப்போரின் கணக்கு உரிமையாளருக்குச் செல்லும், அல்லது அதில் வரும் விளம்பர வருவாய் உரிமையாளரைச் சேரும். பெரும்பாலான உரிமையாளர்கள் மூன்றாவதையே விரும்பினர் என்பதில் வியப்பில்லை. களவு என்று எதைக் கடிந்தனரோ, அதுவே வாடகை தரும் நிலமாயிற்று. ஓடக்காரனும் நெல்லுக்குரியவனும் கூலியைப் பங்கிட்டுக்கொண்டனர்.

அப்பங்கீட்டில் மூன்றாமவர் ஒருவர் உள்ளார். தன் கைப்படத் தானே எடுத்த படத்தை ஏற்றும் சாமானியர் அவர். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு தாய், சமையலறையில் தன் குழந்தை ஆடுவதைப் படமெடுத்து, 29 விநாடிக் காணொளியாக ஏற்றினார். பின்னணியில் பிரின்ஸ் என்னும் பாடகரின் பாட்டு மங்கலாகக் கேட்டது. யூனிவர்சல் இசை நிறுவனம் புகார் செய்யவே, காணொளி அகற்றப்பட்டது. அத்தாய் மறுப்புத் தெரிவித்து அதை மீட்டதோடு நில்லாமல், தவறான புகார் என்று வழக்கும் தொடுத்தார். 2015ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், புகார் அனுப்புமுன் அது நியாயமான உபயோகமா என்பதை உரிமையாளர் சிந்தித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் என்று கூறியது. நல்ல தீர்ப்பே; ஆயின் அரை நிமிடக் காணொளிக்கு எட்டாண்டு தேவைப்பட்டது. யந்திரச் சோதனையிலோ சிந்திப்பவர் எவரும் இலர். ஒலி ஒத்திருக்கிறதா என்பதை யந்திரம் அறியும். அவ்வொலி எதற்காக, எவ்வளவு, எச்சந்தர்ப்பத்தில் எடுத்தாளப்பட்டது என்பதை அறியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் உயிர்நிலையோ இந்தப் பின்னதிலேயே உள்ளது.

நம் நாட்டிலும் இதே நாடகம் நடந்தேறியது. 'டி-சீரீஸ்' என்ற பெயரில் இசை வெளியிடும் சூப்பர் கேசட்ஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் யூடியூபின் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2011ஆம் ஆண்டில் சமரசம் கண்டது. வழக்காடிய அந்நிறுவனமே 2019 மே மாதத்தில் யூடியூபில் 10 கோடிச் சந்தாதாரரைப் பெற்ற முதல் அலைவரிசையாயிற்று. மைஸ்பேஸின் மீது அதே நிறுவனம் தொடுத்த வழக்கில், 2016 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம், குறிப்பான புகார் வந்தபின் அகற்றுவதே தளத்தின் கடமை என்று தெளிவுபடுத்தியது. 2011 நவம்பரில் சோனி இசை நிறுவனம், தனுஷ் பாடி அனிருத் இசையமைத்த 'ஒய் திஸ் கொலவெறி டி' பாடலை யூடியூபில் தானே வெளியிட்டு, தமிழறியாத நம் அண்டை வீட்டாரையும் முணுமுணுக்க வைத்தது நினைவிருக்கலாம். ஐந்தாண்டுகளுக்கு முன் வழக்குக்குரியதாக இருந்த பாதை, அதற்குள் வெளியீட்டு மேடையாக மாறியிருந்தது.

இனி, நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைக் கூறுவோம். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் குழந்தைகள் திரைப்பாடலுக்கு ஆடுகின்றனர். அதைப் படமெடுத்து ஊரிலுள்ள தாத்தா பாட்டி காண ஏற்றுகிறோம். சிறிது நேரத்தில் உரிமைக் கோரிக்கை வந்து, ஒலி அடங்கிவிடலாம். அல்லது காணொளியே தடுக்கப்படலாம். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52இல், சமயச் சடங்கிலும் திருமணத்தைச் சார்ந்த கொண்டாட்டத்திலும் பாடலை ஒலிபரப்புவதற்கு விலக்களிக்கிறது. விமரிசனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவு எடுத்தாள்வதையும் அனுமதிக்கிறது. ஆயின் மண்டபத்தில் ஒலிப்பதற்குரிய விலக்கு, அப்பதிவை உலகமெங்கும் பரப்புவதற்கும் தானே பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

யந்திரம் எழுப்பும் கோரிக்கையும், உரிமையாளர் சட்டப்படி அனுப்பும் புகாரும் ஒன்றல்ல. முன்னதனால் பெரும்பாலும் வருவாயோ ஒலியோ மட்டுமே போகும். அதை நாம் மறுத்தால் கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் கூற வேண்டும் என்பது யூடியூபின் விதி. பின்னது தண்டக்குறியாகப் பதியும். 90 நாட்களுக்குள் மூன்று குறிகள் சேர்ந்தால் கணக்கையே இழக்க நேரலாம். சங்கத்தின் பல்லாண்டு விழாக்களும் சொற்பொழிவுகளும் ஒரே கணக்கில் இருப்பின், அத்தனையும் ஒருங்கே போய்விடும். இந்தியச் சட்டப்படி உரிமையாளர் எழுத்து மூலம் புகார் செய்து ஒரு பொருளைத் தடுத்தால், 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொணராவிடில் அத்தடையை நீக்கிவிடலாம் என்ற பாதுகாப்பும் 2012ஆம் ஆண்டின் திருத்தத்தினால் வந்துள்ளது. மேலும், திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் நம் நாட்டில் உரிமைக்காலம், வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே. பாட்டிலும் மெட்டிலும் உள்ள உரிமையோ, ஆக்கியோன் மறைந்தபின் 60 ஆண்டுகள் தொடர்கிறது என்பதையும் மறத்தலாகாது.

உரிமையாளரைப் பகைவராகக் கருதுவது தவறு. பாட்டெழுதியவரும், வாத்தியம் வாசித்தவரும், படத்தொகுப்பாளரும் கூலியின்றி உழைக்க முடியாது. களவுப்பிரதி பெருகினால் முதலில் வாடுவது சிறு தயாரிப்பாளரே. யூடியூபைக் கொடியவராகக் காண்பதும் பொருந்தாது. ஊர்ப்பெயர்கூட வெளியே தெரியாத ஒரு கிராமத்துக் கலைஞர் தம் பறையிசையை உலகுக்குக் காட்ட, யாரிடமும் சிபாரிசு வேண்டாத வழி அதனால்தான் கிட்டியது. நம் கவலை வேறு. 2025ஆம் ஆண்டின் நீல்சன் கணக்குப்படி, அமெரிக்க வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டியில் மக்கள் செலவிட்ட நேரத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு யூடியூபைச் சேர்ந்தது; அதாவது டிஸ்னி முதலிய பழைய பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றையும் அது மிஞ்சியது. பாதை வைத்திருப்பவரே சரக்கு வைத்திருப்பவரினும் பெரியவராகிவிட்டார். இவ்விரு பெரியவர்களும் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஒரு யந்திரம் நாள்தோறும் எண்ணற்ற தீர்ப்புகளை வழங்குகிறது. அந்த யந்திரத்தில் தம் மூலப்பிரதியைப் பதிவு செய்யும் உரிமை பெரும்பாலும் பெரிய உரிமையாளருக்கே உண்டு. தனியொரு பாடகருக்கோ சிறு சங்கத்திற்கோ அது எளிதில் கிட்டுவதில்லை.

ஆகவே தமிழ்ச் சங்கங்களும் குடும்பங்களும் செய்யத்தக்கவை சில உள்ளன. ஏற்றிய காணொளிகளின் மூலப்பிரதியைத் தம் வசம் தனியே காத்துவைத்தல் வேண்டும். பிறருடைய பாதையை நம் ஆவணக் காப்பகமாக நம்பியிருத்தல் தகாது. விழாக்களில் நம் பிள்ளைகளும் உள்ளூர்க் கலைஞர்களும் தாமே பாடிய, தாமே வாசித்த இசைக்கு முதலிடம் தரலாம். பதிவு செய்யப்பட்ட பாடலை ஒலிக்கச் செய்வதைக் காட்டிலும் அதில் சிக்கல் குறைவு, பயிற்சியும் மிகுதி. நியாயமற்ற கோரிக்கை வந்தால் அஞ்சி விட்டுவிடாமல், காரணம் கூறி மறுப்பு எழுதலாம். மறுப்பு எழுதுவோர் குறைவாக இருக்கும்வரை, யந்திரத்தின் முதற்சொல்லே முடிந்த சொல்லாக நின்றுவிடும்.